8 மணி நேரம் கழித்து யார் அணைப்பது?

காலை 7.45க்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் இரவு 7.30க்குத்தான் திரும்புவேன். கிட்டத்தட்ட 12 மணி நேரம். ஸ்லோ குக்கருக்கான, அதாவது மூடிவைத்துவிட்டுப் போனால் பல மணி நேரம் மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்துக்கான, சமையல் குறிப்புகளில் பெரும்பாலும் போட்டிருப்பதோ 8 மணி நேரம். நடுவில் இருக்கும் அந்த நாலு மணி நேரத்தை யோசிக்காமலேயே இரண்டு ஸ்லோ குக்கர்களைக் கடந்து வந்துவிட்டேன். இப்போது அடுப்படியில் இருப்பது மூன்றாவது. வாங்கப்போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

முதலாவது நான் வாங்கியதே இல்லை. வீடு மாறும்போது அக்கா, "எனக்கு இது இடத்தை அடைக்குது, நீ எடுத்துட்டுப் போ" என்று தள்ளிவிட்டது. முன்னால் ஒரே ஒரு குமிழ். ஆஃப், லோ, ஹை, வார்ம் (வெந்ததைச் சூடாக வைத்திருக்க) என்று நாலு நிலை. டைமர் கிடையாது, திரை கிடையாது, சத்தமும் போடாது. காலையில் இறைச்சியும் கேரட்டும் வெங்காயமும் போட்டு லோவில் வைத்துவிட்டுப் போனேன். இரவு கதவைத் திறந்ததும் வாசனை தூக்கியது. மூடியைத் திறந்தால் கரண்டி வைத்த இடமெல்லாம் நாராகப் பிரிகிறது. கேரட்டைக் கேரட் என்று சொல்ல அதன் நிறம் மட்டும்தான் மிச்சம். ஓரத்தில் பாத்திரத்தோடு ஒட்டிக் கருகிய ஒரு வளையம் வேறு. அடுத்த முறை எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைப் போட்டேன். சாற்றில் மூழ்கிக் கிடந்த கறி எப்படி இவ்வளவு வறண்டுபோகும் என்று அன்றைக்குத்தான் ஆச்சரியப்பட்டேன்.

அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: லோ என்றால் குறைந்த சூடு, ஹை என்றால் அதிகச் சூடு, அதனால் லோவில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தப்பு. இன்று விற்பனையில் இருக்கும் பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் லோவும் ஹையும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, சுமார் 98 டிகிரி செல்சியஸ். ஹையில் 3, 4 மணி நேரத்தில் போய்ச் சேரும், லோவில் 7, 8 மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, லோவில் 12 மணி நேரம் வைத்தால் கடைசி நாலு மணி நேரமும் உள்ளே இருப்பது தளதளவென்று கொதிக்கும் தறுவாயில்தான் இருக்கிறது. கடினமான இறைச்சித் துண்டில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உருகி ஜெலட்டின் ஆவதற்கு நேரமும் சூடும் வேண்டும், அது நடந்தால்தான் கறி மிருதுவாகும். கோழி நெஞ்சுக்கறியில் உருகுவதற்குக் கொலாஜனே அதிகம் கிடையாது. நேரம் கூடக் கூட அதிலிருந்து நீர்தான் பிழிந்து வெளியே போகும்.

இது புரிந்த பிறகுதான் 'புரோகிராம் செய்யக்கூடியது' என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதும் புரிந்தது. பெயரைக் கேட்டால் என்னவோ பெரிய சமாசாரம் போலத் தோன்றும். பெரும்பாலான மாடல்களில் நடப்பது ஒரே ஒரு காரியம்தான்: நீங்கள் சொன்ன நேரம் முடிந்ததும் அது தானாக வார்ம் நிலைக்கு இறங்கும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது வந்து அந்தக் குமிழைத் திருப்பிவைக்கும் ஒரு கை, அதற்குத்தான் கூடுதல் காசு. எப்போதும் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்றால், அல்லது நீங்களே வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால், இது உங்களுக்குத் தேவையே இல்லை. குமிழ் வைத்ததையே வாங்குங்கள். கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கருவி பிறந்த கதையிலும் ஆளில்லாத அடுப்புதான் இருக்கிறது. இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் 1936இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. அவருடைய அம்மா லிதுவேனியாவில் வளர்ந்த காலத்தில், யூதர்களின் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், பீன்ஸும் கறியும் போட்ட பானையை முந்தின மாலையே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்களாம். நெருப்பை அணைத்த பிறகு அடுப்பில் தங்கியிருக்கும் சூட்டிலேயே ராத்திரி முழுக்க அது வெந்துகொண்டிருக்கும். அந்தக் கதைதான் தூண்டுதல். அவர் போட்ட பெயர் 'நாக்ஸன் பீனரி', பீன்ஸ் பானை என்கிற மாதிரி. 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் பீங்கான் பாத்திரத்தைத் தனியாகத் தூக்கிக் கழுவலாம் என்ற வசதி 1974இல்தான் வந்தது. அதுவரைக்கும் மின்சாரம் பாயும் உடம்போடு சேர்த்து எப்படிக் கழுவினார்கள் என்று நினைத்தாலே எனக்குக் கை கூசுகிறது.

சரி, இரண்டாவது குக்கருக்கு வருகிறேன். இதை நானே ஆசைப்பட்டு வாங்கினேன், அதனால் இதில் செய்த தப்புகளும் என்னுடையவை. முதல் தப்பு, அளவு. ஸ்லோ குக்கர்களை குவார்ட் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு குவார்ட் என்பது 1 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 6 குவார்ட் என்றால் சுமார் 5.7 லிட்டர், ஐந்தாறு பேருக்குத் தாராளம். நாங்கள் இருப்பது மூன்று பேர். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 8 குவார்ட் வாங்கினேன். ஸ்லோ குக்கரில் அப்படி இல்லை. பாதி முதல் முக்கால் வரை நிறைந்திருந்தால்தான் குறிப்பில் சொன்ன நேரத்துக்கும் நிஜத்துக்கும் பொருத்தம் இருக்கும். கால் பாத்திரம் மட்டும் நிரப்பினால் சீக்கிரமே வெந்து, ஓரம் பிடித்து, குறிப்பைத் திட்டுவோம். முழுக்க நிரப்பினால் சூடேறவே வெகுநேரம். இரண்டு மூன்று பேருக்கு 4 குவார்ட் போதும். மறுநாளைக்கும் எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தால் 6. முழுக் கோழியையோ நீளமான கறித்துண்டையோ அப்படியே போடுபவர்களுக்கு முட்டை வடிவம் வசதி, மற்றவர்களுக்கு வட்டமே போதும்.

இரண்டாவது தப்பு கொஞ்சம் பெரியது. பெட்டியில் 'தாமதத் தொடக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, 'நாலு மணி நேரம் கழித்துத் தொடங்கு' என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் நாலு மணி நேரக் கணக்குக்கு இதுதான் விடை என்று குதித்தேன். ஆனால் பச்சைக் கறி அந்த நாலு மணி நேரமும் அறை வெப்பத்தில் சும்மா கிடக்கிறது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே உள்ள வெப்பநிலையில்தான் பாக்டீரியாக்கள் கும்மாளம் போடும். சட்டென்று கெட்டுப்போகும் உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. அதிலும் ஸ்லோ குக்கர் தொடங்கிய பிறகும் மெதுவாகத்தான் சூடேறும். அதனால் அந்தப் பொத்தான் கறிக்கு ஆகாது. இறைச்சியே சேராத காய்கறிச் சமையலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிவைக்கலாமே தவிர, அதற்காக ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொஞ்சம் பயமுறுத்துகிறேன் என்று தோன்றலாம். பயந்துகொள்ளுங்கள், பரவாயில்லை.

உறைந்த கறியை அப்படியே போடுவதும் இதே கணக்குத்தான். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். வெட்டிவைத்த கறியையும் காய்களையும் தனித்தனி டப்பாவில் வைக்கிறேன். சிலர் பீங்கான் பாத்திரத்திலேயே எல்லாவற்றையும் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துச் செருகுகிறார்கள். குளிர்ந்த பீங்கான் சூடேற நேரமும் அதிகம் பிடிக்கும், திடீர்ச் சூட்டில் விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவது விஷயத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது, வாங்கும்போது கேட்கத் தெரியாமல் போய்விட்டது. ஒருநாள் இரவு வந்து பார்த்தால் திரையில் எண்ணுக்குப் பதில் நாலு கோடுகள் மின்னிக்கொண்டிருந்தன. பாத்திரத்தைத் தொட்டால் வெதுவெதுப்பு. பகலில் எப்போதோ கரண்ட் போயிருக்கிறது. அரை மணியோ அரை நிமிடமோ தெரியாது. திரும்ப வந்தபோது குக்கர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, 'என்ன செய்யட்டும்?' என்று கேட்டபடி காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டில் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் உள்ளே இருப்பது வெந்த மாதிரித் தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டும் என்பதுதான் இதில் பொதுவான அறிவுரை, ஏனென்றால் எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கொட்டினேன். முழுப் பாத்திரம். அக்காவிடம் சொன்னபோது, "நான் கொடுத்ததை வச்சிருந்தா இது நடந்திருக்குமா?" என்றாள். நடந்திருக்காது, அதுதான் எரிச்சல். குமிழ் வைத்த குக்கருக்கு ஞாபகமே கிடையாது, அதனால் மறக்கவும் தெரியாது. கரண்ட் போனால் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். (நீண்ட நேரம் போயிருந்தால் அதுவும் ஆபத்துத்தான், நம்மிடம் சொல்லாமலே தொடர்ந்திருக்கும். அது வேறு கதை.)

அதனால் டிஜிட்டல் மாடல் வாங்கும் யாரிடமும் நான் சொல்லும் முதல் கேள்வி: கரண்ட் போய் வந்தால் அது எண்ணிக்கையைத் தொடருமா, அல்லது பூஜ்ஜியத்துக்குப் போகுமா? சில மாடல்கள் சிறிது நேரத் தடையைத் தாங்கி ஞாபகம் வைத்துக்கொள்ளும், பல மாடல்கள் ஒரு விநாடி சிமிட்டினாலே நினைவிழந்துவிடும். பெட்டியின் மேல் இதைப் போட மாட்டார்கள். கையேட்டில் 'மின்தடை' என்ற தலைப்பில் இரண்டு வரி இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களின் கையேட்டை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். கையேட்டில் இல்லையா, வாங்கிய அன்றைக்கே தண்ணீர் ஊற்றி ஓட விட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

குமிழ் குக்கரையே வைத்துக்கொண்டு சுவரில் ஒரு தனி டைமரைச் செருகினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நானும் யோசித்தேன். அந்த டைமர் நேரம் முடிந்ததும் மின்சாரத்தையே நிறுத்திவிடும், வார்முக்கு மாற்றாது. 3.45க்கு நின்றுபோன பாத்திரம் நான் 7.30க்கு வரும்வரை ஆறிக்கொண்டே இருக்கும். திரும்பவும் அதே 60 டிகிரிக் கதை.

வார்ம் என்பதும் முடிவில்லாத காப்பகம் இல்லை. சாப்பாட்டை 60 டிகிரிக்கு மேல் பிடித்துவைப்பது அதன் வேலை. சமைப்பதற்கோ ஆறிப்போனதைச் சூடாக்குவதற்கோ அது ஆகாது. 2 முதல் 4 மணி நேரம் வரை வைக்கலாம் என்றுதான் பல கையேடுகளில் இருக்கும். 7.45க்கு வைத்து 8 மணி நேரம் லோவில் ஓடினால் 3.45க்கு வார்முக்கு மாறும், நான் வரும்போது வார்மில் மூன்றே முக்கால் மணி நேரம். என் கணக்கு விளிம்பில் வந்து நிற்கிறது. அதனால்தான் டைமர் எத்தனை நிமிடத் தாவலில் நகர்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். சிலவற்றில் 4, 6, 8, 10 மணி நேரம் என்று நிலையான தேர்வுகள் மட்டும்தான் இருக்கும். அரை மணி நேரத் தாவல் இருந்தால் எட்டரை மணி நேரம் என்று வைக்கலாம். இன்னும் ஒரு சின்ன வசதி, வார்முக்கு மாறிய பிறகு திரையில் எண் மேல்நோக்கி எண்ண வேண்டும். எவ்வளவு நேரமாக வார்மில் இருக்கிறது என்று தெரிந்தால் தயக்கமில்லாமல் சாப்பிடலாம்.

வெப்பநிலை ஊசி வைத்த மாடல்களும் உண்டு. ஹாமில்டன் பீச் நிறுவனத்தின் 'செட் அண்ட் ஃபர்கெட்' வரிசை இதற்குப் பெயர்போனது. மூடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஊசியைக் கறியின் நடுவில் குத்திவிட்டு, இந்த வெப்பநிலை வந்ததும் வார்முக்கு மாறு என்று சொல்லலாம். முழுத் துண்டாகக் கறி சமைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உபயோகம், முக்கியமாக அந்தக் கோழி விஷயத்தில். சூப்பும் பருப்பும் சமைப்பவர்களுக்கு அந்த ஊசி இழுப்பறையில்தான் கிடக்கும். என்னுடையது அங்கேதான் கிடக்கிறது.

பிரஷர் குக்கர், ஸ்லோ குக்கர் எல்லாம் ஒன்றாக இருக்கும் இன்ஸ்டன்ட் பாட் மாதிரியான கருவிகள் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி வரும். இடம் குறைவாக இருந்தால் அதுவே சரி. ஆனால் சூடு வரும் விதம் வேறு. வழக்கமான ஸ்லோ குக்கரில் சூடேற்றும் கம்பி பாத்திரத்தின் பக்கவாட்டைச் சுற்றியும் ஓடும், கனமான பீங்கான் அந்தச் சூட்டை வாங்கி நிதானமாகப் பரப்பும். மற்றதில் சூடு பெரும்பாலும் அடியிலிருந்து, மெல்லிய எஃகுப் பாத்திரம். ஸ்லோ குக்கருக்கு எழுதிய குறிப்பை அதில் அப்படியே போட்டால் நேரம் ஒத்துவராது. பீங்கானை அடுப்பில் வைத்துக் கறியைச் சிவக்க வறுக்க முடியாது என்பது ஒரு குறை. அதற்காகவே அலுமினியத்தில் உட்பாத்திரம் வைத்த மாடல்கள் உண்டு. வறுக்கும்போது வரும் அந்த மணம் 140 டிகிரியைத் தொட்டால்தான் பிறக்கும், 98 டிகிரியோடு நின்றுவிடும் கருவியில் அதை எதிர்பார்க்க முடியாது. நான் தனியாக ஒரு வாணலியில் வறுத்துவிட்டுக் கொட்டுகிறேன். கூடுதலாக ஒரு பாத்திரம் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி மூடி நல்லது, உள்ளே பார்க்கத் திறக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சமையல் நேரம் 20 நிமிடம் போல நீண்டுவிடும். எடுத்துக்கொண்டு எங்கேயாவது போவீர்கள் என்றால் மூடியில் கொக்கி இருக்கட்டும். மின்செலவு பற்றிக் கவலை வேண்டாம், 200 வாட் கருவி 8 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினாலும் 1.6 யூனிட்தான்.

எந்த விலையில், எந்தப் பெயரில் வாங்கினாலும், வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் விடுங்கள். பிறகு மூடியைத் திறந்தவுடனே சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், தாமதித்தால் சூடு சடசடவென்று இறங்கிவிடும். 98ஐத் தொடாவிட்டாலும் 85 டிகிரியாவது காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: பல ஸ்லோ குக்கர்களில் உள்ளே இருப்பது வெறும் சூடேற்றும் கம்பிதான், வெப்பத்தை அளந்து சரிசெய்யும் ஏற்பாடு கிடையாது. அப்படிப்பட்டதில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் சூடு 19 சதவீதம் குறையும். அதே குக்கர், அதே குறிப்பு, ஒருவர் வீட்டில் வேகிறது, இன்னொருவர் வீட்டில் வேகவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கருவியைத் தாண்டி ஒரே ஒரு விஷயம், இதை மட்டும் விட மனசில்லை. ராஜ்மா, அதாவது சிவப்பு கிட்னி பீன்ஸைப் பச்சையாக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரி மாதிரியான அரைகுறைச் சூட்டில் அது வேகவைக்காத பீன்ஸில் இருப்பதைவிட ஐந்து மடங்குவரை கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. நாலைந்து பீன்ஸ் போதும், 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் கொதிக்கவைத்த பிறகு குக்கருக்கு மாற்றுங்கள். கேரட், உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு வகைகள் கறியைவிட மெதுவாக வேகும், அவற்றை அடியிலும் ஓரத்திலும் போடுங்கள். பால், கிரீம் எல்லாம் கடைசி அரை மணியில்.

மூன்றாவது குக்கரை வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. 6 குவார்ட், அரை மணித் தாவல், சிறிய மின்தடையைத் தாங்குகிறது, தண்ணீர்ச் சோதனையில் 89 டிகிரி காட்டியது. இப்போது எட்டரை மணி நேரம் வைத்துவிட்டுப் போகிறேன். வரும்போது வார்மில் மூன்றே கால் மணி நேரம் ஆகியிருக்கும், கேரட் கேரட்டாகவே இருக்கும். போன மாதம் ஒரு விடுமுறை நாளில், வழக்கம்போலக் காலையிலேயே வைத்துவிட்டு மதியம் கண்ணயர்ந்திருந்தேன். சரியாக 4.15க்கு யாரோ காதில் விசில் ஊதியதுபோல ஐந்து முறை அலறியது. ஆளில்லாத வீட்டில் தினமும் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறது போல. சத்தத்தை நிறுத்த ஒரு வழி இருக்கும் என்று கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.